தாமிரபரணி குடித்த பேட்டரிகள்

சிவமயம்

விக்கிரமசிங்கபுரம்,
17.3.1998

அன்பு மகன் குருபிரசாத்துக்கு அம்மா வடிவம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. பாபநாசநாதர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், எனக்கு முழங்கால் வலியும் அப்பாவுக்கு வாயும் குறையவில்லை என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை. நீயும் சித்ரலேகாவும் என் கண்ணு ப்ரியாவும் அமெரிக்கப் பனியில் சளி காய்ச்சல் என்று படுக்காமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோமே, அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என்னை எங்கே பேச விட்டார்கள்? "கரண்ட் இப்ப எப்படிம்மா இருக்கு, ராத்திரி ஃபேன் ஓடுமா, சித்ரா கேக்கச் சொன்னா, அதைப் பாத்துத்தான் ஜூன்ல டிக்கெட் போடணும், வேணும்னா இன்னொரு பேட்டரிக்கும் பணம் அனுப்பட்டுமா" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் அப்பா என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி, "கரண்டா? நம்ம வீட்ல சூரியனையே பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்கேம்லா, நீ பேசாம டிக்கெட்டைப் போடுல" என்று சொல்லிவிட்டு டொக்கென்று வைத்துவிட்டார்கள். நீயும் நம்பியிருப்பாய். பெற்ற பிள்ளையைப் பொய் சொல்லி விமானம் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இன்று அப்பா அம்பாசமுத்திரத்துக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறார்கள், சாயந்திரம் பஸ்ஸில்தான் வருவார்கள், அதற்குள் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

முதலில் மற்ற செய்தி. பக்கத்து வீட்டு தேவசிகாமணி சார் மகள் ரீபாவுக்கு நாசரேத்தில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, நல்ல உயரம், ஆனால் பேச வைக்கத்தான் ஆள் போட வேண்டும் போலிருக்கிறது. மே மாதம் கல்யாணம். முறுக்குச் சுற்ற சார் சம்சாரம் பாக்கியவதி என்னைத்தான் நம்பியிருக்கிறாள், என் முழங்காலை யார் நம்புவது என்று தெரியவில்லை. பின்கட்டுத் தென்னையில் வண்டு விழுந்து ஒரு குருத்து போய்விட்டது. சித்ராவுக்கு முடி கொட்டுகிறது என்றாளே, ஷாம்பூவை மாற்றி மாற்றிப் போடாமல் சனிக்கிழமை ஒரு நாளாவது நல்லெண்ணெய் தேய்க்கச் சொல். அங்கே நல்லெண்ணெய் மருந்துக் கடையில் விற்பதுபோல் சின்னக் குப்பியில் விற்கிறார்கள் என்று சொன்னாய், பரவாயில்லை, அதையாவது தேய்க்கட்டும்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீங்கள் வந்தது சித்திரை மாதம், ப்ரியாவுக்கு அப்போது பள்ளிக்கூடம் கிடையாது. பொசுங்குகிற வெயில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கரண்ட் போகும், குழந்தை தூங்கி எழுந்து அழுது ஓய்ந்த பிறகுதான் வரும். முதுகெல்லாம் வேர்க்குரு. ஒரு மாதம் இருக்கலாம் என்று வந்தவர்கள் பாதியிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குச் சித்ராவின் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள். நான் அதைத் தப்பு சொல்ல மாட்டேன், அந்த முதுகைப் பார்த்தால் நானே போகத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உங்களை ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்த அப்பா சட்டையைக் கூடக் கழற்றாமல் நடு வீட்டில் நின்று ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத அப்பாவை நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? எனக்குப் பயமாகிவிட்டது. தலைக்கு மேலே பாபநாசத்து மலையில் தண்ணீர் விழுந்து கரண்ட் ஆகிறது, அந்தக் கம்பி நம் ஊரைத் தாண்டித்தான் எங்கெங்கோ போகிறது, நமக்கு மட்டும் கரண்ட் இல்லையே, பேத்தி நம் வீட்டில் தூங்க முடியாமல் போய்விட்டாளே என்று அவர்களுக்கு ஒரே ஆற்றாமை. அன்றைக்கு ஆரம்பித்தது இந்தப் பைத்தியம்.

முதலில் கரண்ட் பில்லின் மேல்தான் கோபம். "கரண்டு ஒழுங்கா இருக்க மாட்டேங்கு, காசு மட்டும் ஒழுங்கா கேக்கான்" என்று சொல்லி, அது நம்மை விட்டுப் போவதற்குள் நாமே அதை விட்டுவிட வேண்டும் என்று சிக்கனத்தில் இறங்கினார்கள். எல்லா அறையிலும் ஜீரோ வாட் பல்பு. நான் அந்த வெளிச்சத்தில் காப்பிக்கு உப்புப் போட்டு தேவசிகாமணி சாருக்குக் கொடுத்தேன், அவர் பாவம், சபை ஊழியத்துக்குப் போன வீட்டில் குடிப்பதுபோல் முகம் மாறாமல் குடித்துவிட்டுப் போனார். கிரைண்டரைத் தொடக் கூடாது, இஸ்திரிப் பெட்டி பரண் மேல் ஏறிவிட்டது, ராத்திரி படுக்கப் போகும்போது ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் திருநீறு பூசுவார்கள். விடிந்தால் பால் திரிந்திருக்கும். பில்லில் குறைந்த பணத்தைவிடத் திரிந்த பாலுக்குப் போன பணம் கூடுதல் என்று நான் சொன்னதற்கு, பால் எப்படியும் திரியத்தான் செய்யும் என்று பதில். நானும் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், இப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்த்ததில்லை.

அப்புறம் போன ஆனியில் நெல்லையப்பர் தேர் பார்க்கப் போனார்கள். தேர் பார்த்தார்களோ இல்லையோ, பக்கத்தில் பொருட்காட்சியில் சோலார் கடை போட்டிருந்த மேலப்பாளையத்து மதாரைப் பார்த்துவிட்டு, மறு வாரம் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். மதார் நல்ல பையன், வாய் மட்டும் நம் அப்பாவுக்குத் தம்பி மாதிரி. பகல் பூராவும் சூரியன் பேட்டரியில் கரண்டை ஊற்றும், ராத்திரி நாம் எடுத்துச் செலவழிக்கலாம், கரண்ட் ஆபீஸுக்குப் போகிற பாதையே உங்களுக்கு மறந்துபோகும் அண்ணாச்சி என்றான். நான் அவன் சொன்ன விலையையும் நம் கரண்ட் பில்லையும் வைத்து ஒரு கணக்குப் போட்டேன். நம் பில் என்ன பெரிய பில், போட்ட பணம் திரும்பி வர அப்பாவுக்குத் தொண்ணூற்று நாலு வயது ஆக வேண்டும். அதற்குள் பேட்டரி வேறு நாலைந்து தடவை செத்துப் பிழைக்கும், அந்தச் செலவையும் சேர்த்தால் நூற்றிருபது வயது வரை உயிரோடு இருந்தாக வேண்டும். அப்பா நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப அதுவரைக்கும் இருப்பேன்னு உன் வாயாலயே சொல்லிட்டேல்லா, வாங்கிருவோம்" என்றார்கள். நான் விடவில்லை. கடைசியில்தான், "ஏளா வடிவு, இது லாபத்துக்கு இல்ல. அந்தப் பிள்ளைக்கு வேர்க்கக் கூடாது" என்றார்கள். அதற்கு மேல் எந்தக் கணக்கைக் காட்டுவது? பேசாமல் உள்ளே போய் மதாருக்கும் சேர்த்து அரிசி போட்டேன்.

மொட்டை மாடியில் வெயில் நன்றாக விழும் இடத்தைக் கண்டுபிடிக்க மதார் ஒரு கருவியை வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் அளந்தான். அரை நாள் அளந்து கடைசியில் நான் வத்தல் காயப்போடும் இடத்தில் வந்து நின்றான். என்னிடம் கேட்டிருந்தால் கீழே இருந்தபடியே சொல்லியிருப்பேன். சோலார் தகடு அங்கே ஏறியது, வத்தல் இறங்கியது. மாடிப்படிக்குக் கீழே கன்றுக்குட்டி கனத்தில் இரண்டு பேட்டரி, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டப் போனார்கள், பேட்டரிப் பக்கம் நெருப்பே கூடாது என்று மதார் அலறியதால் சூடத்தை வாசலில் நின்று காட்டினார்கள். நாலைந்து விளக்கு, சின்னதாய் ஒரு ஃபேன், எல்லாம் மாட்டியாயிற்று. முதல் நாள் சாயங்காலம் கரண்ட் போனபோது தெரு முழுக்க இருட்டு, நம் வீடு மட்டும் ஜெகஜோதி. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். பெருமை காப்பி போடும் வரைதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், பூக்கட்டுகிறவர்கள், சும்மா பார்க்க வந்தவர்கள் என்று தெருவே நம் வீட்டுக்குள் இருந்தது, அப்பா அத்தனை பேருக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார்கள். அந்த மாதம் மிச்சமான கரண்ட் காசைவிடக் காப்பித்தூள் செலவு மூன்று மடங்கு. தேவசிகாமணி சார் வந்து பார்த்துவிட்டு, அப்பாவின் முதுகில் தட்டி, "என்னவே நாறும்பூ, கரண்ட் ஆபீஸையே வீட்டுக்குள்ள வச்சிட்டீரே, ஃபியூஸ் போனா உம்ம வீட்டுக்குத்தான் வரணுமோ" என்றார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உனக்கு அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னார்களே, அதுவரை எல்லாம் நிஜம்.

இனிமேல்தான் நீ கேட்காத கதை. பேட்டரியில் தண்ணீர் குறையும், அப்போது மருந்துக் கடையிலோ பேட்டரிக் கடையிலோ விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றணும், வேறு எதையும் ஊற்றக் கூடாது என்று மதார் சொல்லி, ஒரு பாட்டிலும் கொடுத்துவிட்டுத்தான் போனான். அந்த பாட்டில் தீர்ந்ததும் அப்பா இன்னொன்று வாங்கக் கடைக்குப் போய் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். விலைகூடக் காரணம் இல்லை, பாட்டிலில் 'தூய நீர்' என்று போட்டிருந்ததுதான் பொறுக்கவில்லை. "எவனோ எங்கனயோ காய்ச்சின தண்ணி சுத்தமாம், பொதிகைல மூலிகையைத் தொட்டுக்கிட்டு வார தாமிரபரணித் தண்ணி சுத்தமில்லையாம், நம்ம ஊர்ல நின்னுக்கிட்டு என்ட்டயே விக்கான்" என்று ஒரே ஆவேசம். நம் ஊர் ஆண்களிடம் வேறு எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், ஆற்றை மட்டும் சொல்லக் கூடாது, அது உனக்கே தெரியும். அமெரிக்காவில் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு முதல் கடிதத்திலேயே ஆற்றுத் தண்ணீரை நினைத்து அழுதவன்தானே நீ. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அப்பா சைக்கிளில் பாபநாசம் படித்துறைக்குப் போய்க் குளித்து, பித்தளைச் செம்பில் தண்ணீர் மொண்டு, ஈர வேட்டியோடு வந்து இரண்டு பேட்டரிக்கும் ஊற்றுவார்கள். கொஞ்சமாக ஊற்றியிருந்தாலும் பரவாயில்லை. தாராளமாக, வழிய வழிய. நானும் அது அபிஷேகம் என்று நினைத்து ஒரு தடவை பூ வைத்தேன்.

கொஞ்ச நாளில் அப்பாவின் வேட்டியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. என்னுடைய நல்ல சுங்குடிச் சேலை படிக்கட்டுப் பக்கம் கொடியில் கிடந்தது, அதன் முந்தானையும் சல்லடை. மாடிப்படிக்குக் கீழே தரை வெளுத்துப் பொரிந்துபோயிற்று. பேட்டரியிலிருந்து வழிகிற ஆசிட் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எலிதான் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லி எலிப்பொறி வாங்கி, அதில் தேங்காய்ச் சில்லு மாட்டி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். இருட்டில் அதில் மாட்டியது அப்பாவின் கால் பெருவிரல். அதைத்தான் உன்னிடம் போனில் கல் தடுக்கிவிட்டது என்று சொன்னது.

இதற்குள் விளக்கு மங்க ஆரம்பித்துவிட்டது. கரண்ட் போனால் தெருக்காரர்கள் பழக்கத்தில் வந்து உட்காருவார்கள், அவர்கள் உட்கார்ந்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும். அப்பாவுக்குத் தலை குனிவாகப் போயிற்று. என்ன செய்தார்கள் தெரியுமா, யாருக்கும் தெரியாமல் ஒரு சார்ஜர் வாங்கி வந்து, சூரியன் நிரப்ப வேண்டிய பேட்டரிக்கு வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்டார்கள். மாடியில் தகடு வெயில் காய, கீழே பிளக்கில் வயர் சொருகியிருக்கும். அதை என்னிடமும் சொல்லவில்லை. ரீடிங் எடுக்க வந்த பிள்ளை மீட்டரைப் பார்த்துவிட்டு, "யம்மா, சோலார் போட்ட வீடுன்னாவளே, ரீடிங் கூடல்லா இருக்கு, பழையதுக்கு மூணு மடங்கு வருது" என்றான். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர்கள் மீட்டரைப் பார்த்தார்கள். அப்புறம், "மீட்டர் கொஞ்சம் வேகமா சுத்துதோ என்னமோ" என்று பைய நழுவி மாடிக்குப் போய்விட்டார்கள். ஜீரோ வாட் பல்பு காலத்தில் நான் உப்புக் காப்பி கொடுத்து மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரே பில்லில் போயிற்று.

கடைசியில் மதாரைக் கூப்பிட்டுவிட்டோம். வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவன் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டான். அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். பையனுக்குக் கோபப்படவும் முடியவில்லை, ஆற்றை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை, அவனும் அதே ஆற்றில் குளித்து வளர்ந்தவன்தானே. மூடியை மெல்லத் திருகி மூடிவிட்டு, "தண்ணி நல்ல தண்ணிதான் அண்ணாச்சி, பேட்டரிக்குத்தான் கொடுத்து வைக்கல" என்றான். ஆற்றுத் தண்ணீரில் உள்ள உப்பும் மண்ணும் நம் உடம்புக்கு நல்லதாம், பேட்டரித் தட்டுக்கு விஷமாம், போதாக்குறைக்கு வழிய ஊற்றியதில் உள்ளே இருந்த ஆசிட்டெல்லாம் வெளியே வந்துவிட்டதாம். இரண்டையும் பழைய சாமான் கடைக்காரர்கள் வந்து ஈய விலைக்கு எடைபோட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டியில் ஏற்றும்போது அப்பா ஒன்றைத் தட்டிக் கொடுத்ததை நான் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு அழுகையும் வந்துவிட்டது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆக இப்போது நம் வீட்டில் சூரியன் இருக்கிறது, பிடித்து வைக்கச் சட்டிதான் இல்லை. தகட்டிலிருந்து நேராக அந்தச் சின்ன ஃபேனுக்கு ஒரு வயரை இழுத்து மதார் கட்டிக் கொடுத்திருக்கிறான். வெயில் அடிக்கிற வரை ஓடும், வெயில் போனால் நிற்கும். சரிதானே, வேர்ப்பதும் வெயிலில்தானே, மத்தியானம் குழந்தை தூங்குகிற நேரத்துக்கு இது போதும் என்று அப்பாவுக்குத் திரும்பவும் உற்சாகம் வந்துவிட்டது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று போன வாரம் என்னைப் ப்ரியாவாகக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். அறுபது வயசுப் ப்ரியா, முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு படுத்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மேகம் வெயிலை மறைத்தது, ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டு ஓய்ந்துபோனது எனக்குக் கேட்டது. ஆனால் காற்று நிற்கவில்லை. ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். தலைமாட்டில் அப்பா நின்றுகொண்டு, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, பனையோலை விசிறியை இரண்டு கையாலும் பிடித்து, ஃபேன் காற்று வருகிற திசையிலிருந்தே வீசிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் வேர்வை கொட்டுகிறது. மேகம் போய் ஃபேன் ஓடத் தொடங்கியதும் விசிறியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டார்கள். நான் எழுந்ததும், "எப்படி, நிக்காம ஓடிச்சா?" என்று கேட்டார்கள். "நிக்கவே இல்ல" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரிடம் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இது ஒன்றைத்தான் சந்தோஷமாகச் சொன்னேன்.

அதனால் நீ கேட்டதற்குப் பதில், புது பேட்டரிக்குப் பணம் அனுப்பாதே. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க இந்தப் பேட்டரி சரிப்பட்டு வராது, நம்மைப்போல் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. அது மட்டும் இல்லை, புதிது வந்தால் ஆற்றின் மானத்தைக் காப்பாற்ற அப்பா இன்னொரு தடவை முயற்சி செய்து பார்க்க மாட்டார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. அந்தப் பணத்தை டிக்கெட்டில் போடு. சித்ராவிடம் இதை மறைக்காமல் படித்துக் காட்டு. ராத்திரி கரண்ட் போனால் நம் வீட்டில் ஃபேன் ஓடாது, அதுதான் உண்மை. ஆனால் நீங்கள் வருவது ஆனி மாதம், மலையில் சாரல் தொடங்கிவிடும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போர்வை தேட வேண்டியிருக்கும். கொசு உண்டு, வலை தைக்கக் கொடுத்திருக்கிறேன். சாரல் மேகத்தில் உன் தகடு எப்படிப்பா வேலை செய்யும் என்று மதாரிடம் கேட்டேன், பாதி கூட வராது என்றான். சாரல் அடிக்கையில் யாருக்கு ஃபேன் வேண்டும் என்று கேட்டேன், அவனும் அப்பாவும் சேர்ந்து முகட்டைப் பார்த்தார்கள். இப்போது ஊரே சாரல் முந்தி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் கோயிலில் நின்று ஆனியில் நல்ல வெயில் அடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சுவாமி யார் பேச்சைக் கேட்பார் என்று பார்ப்போம்.

நீயும் சித்ராவும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, என் பேத்தி பல்லும் சொல்லும் நன்றாக வளர்ந்து, எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. வர முடிந்தால் வா. முடியாமல் போனால் நான் வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், வருத்தப்படுவேன், ஆனால் தாங்கிக்கொள்வேன். லீவு கிடைக்கவில்லை என்று எழுது. டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று எழுது. ப்ரியாவுக்கு நீச்சல் வகுப்பு என்று எழுது. அம்மாதான் முழங்காலைச் சாக்குச் சொல்லி வர வேண்டாம் என்றாள் என்றுகூட எழுது, என்னை இரண்டு நாள் திட்டுவார்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். கரண்டுக்காக வரவில்லை என்று மட்டும் அப்பாவுக்கு எழுதிவிடாதே ராசா.

இப்படிக்கு
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
நா. வடிவம்மாள்